அமெரிக்காவுக்குப் புள்ளி போட்ட துவக்கு அண்ணை

ரொறன்ரோவில் இருக்கும் தமிழர்களுக்குள் துவக்கைக் கண்டு, அதுதான் துப்பாக்கியைக் கண்டு, மிகவும் பயப்படுகிறவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால் முதற்பரிசு எனக்கு வராது. இரண்டாம் பரிசு நிச்சயம். முதற்பரிசை, எங்கள் மோர்னிங்சைட் கட்டடத்திலே சொந்தமாகத் துவக்கு வைத்திருந்த ஒரே மனிதர் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். தபால்காரருக்கு அது தெரியும். எங்களுக்கு அவர் துவக்கு அண்ணை, எங்கள் பிள்ளைகளுக்குத் துவக்கு அங்கிள். மெலிந்த உடம்பு. கொதிக்கிற கோடையிலும் கழுத்துப் பொத்தான் போட்டிருப்பார். மெத்தை செய்யும் தொழிற்சாலையில் வேலை. மனைவி காலமாகிவிட்டார், மகள் கலியாணம் முடித்து ஒஷாவாவில் இருந்தாள். எங்கள் கதவுக்கு நேர் எதிர்க்கதவு அவருடையது.

நாங்கள் குடிவந்த முதல் வாரமே வந்து தட்டினார். கதவைத் திறந்தேன். வணக்கம் இல்லை, சுகமா இல்லை.

"தங்கச்சி, நீர் நல்லாப் பயந்த ஆள்போல கிடக்கு."

முதல்நாள் எலிவேற்றர் நடுவழியில் நின்றபோது நான் பிள்ளையாரைக் கூப்பிட்ட சத்தம் எல்லா மாடிக்கும் கேட்டிருந்தது. மறுப்பதில் பயனில்லை.

"ஓம் அண்ணை, கொஞ்சம் பயம்தான்."

"நல்லது. அப்ப இதை நீர் வைச்சிரும்." என் கையில் ஒரு சின்னத் திறப்பை வைத்தார். "ஆர் கேட்டாலும் குடுக்கக்கூடாது. நான் கேட்டாலும் ஏன் எதுக்கு எண்டு விசாரிச்சுப்போட்டுத்தான் குடுக்கவேணும்."

"என்ன திறப்பு அண்ணை?"

"துவக்கு விசையைப் பூட்டியிருக்கிற பூட்டின்ர."

நான் வாசற்படியிலேயே இருந்துவிட்டேன். என் கணவர் தண்ணீர் கொண்டுவந்தார். துவக்கு அண்ணைக்கோ பரம திருப்தி. "பாத்தீரே, சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கிறன்" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். துவக்கு ஓர் இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரித் திறப்பு அவருடைய அரைஞாணில். விசைப் பூட்டின் திறப்பு என்னிடம். தோட்டாக்கள் வேறொரு பெட்டியில், அந்தப் பெட்டியின் திறப்பு பக்கத்துக் கடைத்தொகுதியான பிளாசாவில் தமிழ் வீடியோக்கடை வைத்திருந்த சிவாவிடம். ஊர்க் கோயில்களில் அம்மனின் நகைப்பெட்டியை இப்படித்தான் பூட்டுவார்கள். ஒவ்வொரு பூட்டின் திறப்பும் ஒவ்வொரு தர்மகர்த்தாவிடம் இருக்கும், எல்லாரும் கூடினால்தான் அம்மனுக்கு அட்டியல். கனடாவில் அம்மனுடைய இடத்தில் ஓர் இரட்டைக்குழல் துவக்கு.

"சட்டம் இவ்வளவு கேக்கேல்லையே அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சட்டம் கேக்கிறது பாஸ் மாக்ஸ், தங்கச்சி. பாஸ் எடுத்த பிள்ளையை எங்கட சனத்தில ஆர் மதிச்சது?"

இதற்கு எந்த யாழ்ப்பாணத்தாரும் பதில் சொல்ல முடியாது. பிள்ளை தொண்ணூற்றாறு எடுத்துக்கொண்டு வந்தால் மிச்சம் நாலு எங்கே என்று கேட்ட வம்சம் நாங்கள்.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அவர் வாத்து வேட்டைக்குப் புறப்படுவார். லைசென்ஸ் எல்லாம் ஒழுங்கு. ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டி, அறுவடை முடிந்த சோளத் தோட்டங்களில் காட்டு வாத்துகள் விடியற்காலையில் இறங்கும். ஆனால் விடியற்காலையில் வீடியோக்கடை திறக்காது. சிவா பதினொரு மணிக்கு வந்து, கடைக்குள் நிற்கும் அன்ரிமாருக்கு தொடர்நாடக வீடியோக் கொப்பி எடுத்துக் கொடுத்து முடித்து, கடையைப் பூட்டிக்கொண்டு காரில் ஏற மத்தியானம் ஆகும். என் திறப்பை நான் யார் கையிலும் கொடுப்பதில்லை, அவர் கையில்கூட. நானே கூடப் போய்த் திறந்துவிடுவேன். நான் போனால் எனக்குத் துணையாக என் கணவரும் வருவார். ஆக, ஒரு துவக்குக்கு நாலு பேர், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, ஒரு பெட்டி கட்லட். போய்ச் சேரும்போது வாத்துகள் சாப்பிட்டு முடித்துச் சபை கலைந்திருக்கும்.

ஒருமுறை மட்டும் ஒரு கூட்டம் தாமதமாக நின்றது. அண்ணை அலுமாரியிலிருந்து கொண்டுவந்த துவக்குப் பெட்டியைத் திறந்தார், நான் விசைப் பூட்டைத் திறந்தேன், சிவா தோட்டாப் பெட்டித் திறப்பை எந்தப் பொக்கற்றில் வைத்தான் என்று தேடிக்கொண்டிருந்தான். வாத்துகள் எங்கள் தலைக்கு மேலாலேயே எழும்பிப் போயின. துவக்கு அண்ணை தொப்பியைக் கழற்றி அவற்றை வழியனுப்பி வைத்தார்.

"ஒண்டும் கிடைக்கேல்லையே அண்ணை" என்றார் என் கணவர்.

"ஒரு விபத்தும் நடக்கேல்லையே தம்பி" என்றார் அவர். திரும்பி வரும் வழியில் கோழிக்கடையில் நிறுத்தி ஓர் உரித்த கோழி வாங்கினார்.

இனி அவருடைய பெரிய பைத்தியத்துக்கு வருகிறேன். அவர் ஒரு துவக்குச் சங்கத்தில் உறுப்பினர். அங்கே அமெரிக்கத் துவக்குக்காரருக்கான சஞ்சிகைகள் கிடக்கும். ஒன்றில், எந்த மாநிலத்தில் துவக்குச் சட்டம் எப்படி என்று எல்லா மாநிலங்களையும் வரிசைப்படுத்திப் போட்டிருந்தார்கள். துவக்குக்காரரைக் கேள்வி கேட்காத மாநிலம் மேலே, கேள்வி கேட்டுக் கரைச்சல் படுத்தும் மாநிலம் அடியில். துவக்கு அண்ணை அந்தப் பக்கத்தை வெட்டி வந்து, தலைகீழாகக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார்.

"தலைகீழா ஒட்டிப்போட்டியள் அண்ணை."

"அவங்கள்தான் தலைகீழாப் போட்டிருக்கிறாங்கள். நான் திருத்தி ஒட்டியிருக்கிறன்."

அன்றிலிருந்து அமெரிக்காவில் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று யாரும் அவருக்கு முன்னால் வாய் திறக்க முடியாது. "எந்த ஸ்ரேற்?" என்பார். சொன்னால் அந்த இடத்திலேயே புள்ளி போடுவார். "நல்ல ஸ்ரேற். ஆளை விசாரிச்சுத்தான் குடுப்பாங்கள்" என்பார், அல்லது உச்சுக்கொட்டுவார். ஒரு கலியாண வீட்டில், மாப்பிள்ளை என்ன வேலை, என்ன சம்பளம் என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, இவர் மாப்பிள்ளையின் தகப்பனிடம் போய், "உங்கட ஸ்ரேற்றில வாங்கின அண்டைக்கே துவக்கை வீட்ட கொண்டுபோகலாமோ, காத்திருக்கவேணுமோ?" என்று கேட்டார். பாவம், அந்த மனிதருக்குப் பாயாசம் மூக்கால் வந்தது. பெண் வீட்டாருடைய ஏதோ பழிவாங்கும் திட்டம் என்று நினைத்திருப்பார்.

அந்த நாட்களில்தான் கனடாவில் எல்லாத் துவக்குகளையும் பதிவு செய்யவேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. அவருடைய சங்கத்தில் கொதித்தெழுந்தார்கள். எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. வேட்டை முடிந்து வரும் வழியில் நடந்ததால், திறப்புக்காரர் நாங்களும் பின்வரிசையில் இருந்தோம். டக் என்ற ஒரு தாடிக்காரத் தோட்டக்காரர் எழுந்து பேசினார். நல்ல மனிதர், எங்களுக்குச் சோளம் தந்தவர்.

"என் தகப்பன் காலத்துத் துவக்கு. ஒருநாளும் ஒரு பிழை செய்ததில்லை. நகரத்தில் சுடுகிறவன் பதிவு செய்யவா போகிறான்? அவனை விட்டுவிட்டு என்னை ஏன் எண்ணுகிறார்கள்?" என்று அவர் கேட்டபோது மண்டபம் கைதட்டியது. எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

எதிர்ப்பை ஆதரிக்கிறவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. எதிர்க்கிறவர்கள்? ஒரேயொரு கை, கழுத்துப் பொத்தான் போட்ட ஒரு சேர்ட்டிலிருந்து.

"ஏனப்பா? நீயும் எங்களில் ஒருவன்தானே?" என்றார் டக்.

"ஓம், நானும் துவக்குக்காரன்தான்" என்றார் துவக்கு அண்ணை தன்னுடைய ஆங்கிலத்தில். "உன் வீட்டுக்கு யாரும் வந்து துவக்கைக் கேட்டதில்லை, டக். என் வீட்டுக்கு வந்தார்கள்."

காரில் வரும்போதுதான் மிச்சத்தைச் சொன்னார். கிளிநொச்சிப் பக்கம் அவருக்கு வயல் இருந்தது. பன்றி கலைக்க லைசென்ஸ் துவக்கு. அதை நெல்மூட்டைக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார், பூட்டு இல்லை. ஒருநாள் இயக்கப் பெடியள் நாலு பேர் வந்தார்கள்.

"'ஐயா, துவக்கைத் தாங்கோ' எண்டு மரியாதையாக் கேட்டாங்கள். மரியாதையா எடுத்துக் குடுத்தன். தேத்தண்ணியும் குடுத்தன். அது பிறகு ஆற்ற கைக்கெல்லாம் போச்சுதோ, ஆரை ஆரைச் சுட்டுதோ. பேப்பரில செத்த ஆக்களின்ர பேர் பாக்கிற நேரமெல்லாம் என்ர துவக்கோ, என்ர துவக்கோ எண்டு கிடக்கும்."

"அப்ப ஏன் அண்ணை இஞ்ச வந்தும் ஒண்டு வாங்கினனீங்கள்?" என்று சிவா கேட்டான்.

"முதல்தரம் ஃபெயில்விட்ட சோதினை. திரும்ப எடுக்கிறன்."

கட்லட் பெட்டி என் மடியிலேயே திறக்காமல் இருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்கு இடி விழுந்தது. என் மகள் அபிராமி பத்தாம் வகுப்பு. பிளாசாவிலிருந்த டோனட் கடையில் பள்ளிக்கூடம் முடிந்தபின் வேலை செய்தாள். ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஒரு டிசம்பர் நாள். வெளியே பார்க்கிங் லொட்டில் எங்கள் பெடியளே இரண்டு பிரிவாக நின்று வாய்த்தர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவன் சுட்டான். ஆளுக்குப் படவில்லை. கடைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் டோனட் தட்டில் பட்டது. அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றவள் என் மகள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் தலையெல்லாம் வெள்ளை. கண்ணாடித் தூள் என்று நினைத்து நான் அலறினேன்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ற் சுகர்! ஐ'ம் ஃபைன்!"

டோனட்டுக்குத் தூவும் சீனித்தூள். தலை முழுக வார்த்தேன், சீனி போய்விட்டது. என் கண்ணிலிருந்து இன்னும் போகவில்லை. இப்போதும் வீதியில் ஒரு கார் டயர் வெடித்தால் என் கை தன்பாட்டில் அவள் தலையைத் தேடுகிறது.

அடுத்தநாளே டெக்சாஸிலிருந்து என் கணவரின் தம்பி பாலன் தொலைபேசி எடுத்தான். செய்தி அங்கேயும் போய்விட்டது.

"அண்ணி, எல்லாத்தையும் வித்துப்போட்டு இஞ்ச வாங்கோ. பெரிய வீடு, பனி இல்லை, அண்ணைக்கு வேலை நான் எடுத்துத் தாறன். பாதுகாப்புக்கு நானே ஒரு பிஸ்டல் வைச்சிருக்கிறன். ஒருத்தன் கிட்ட வரமாட்டான்."

என் கணவர் பாதி பெட்டி கட்டிவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. நானும் ஓம் சொல்லத்தான் வாயெடுத்தேன். என் பிள்ளையை எங்கே கொண்டுபோனால் குண்டு வராது என்பதைத் தவிர வேறெந்த யோசனையும் எனக்கில்லை. எங்களைப் பார்க்க வந்து கதிரையில் இருந்த துவக்கு அண்ணை எழுந்து, தொலைபேசியின் ஸ்பீக்கர் பொத்தானை அமத்தினார்.

"தம்பி பாலன், நான் எதிர்வீடு. உம்மட பிஸ்டல் இப்ப எங்க?"

"என்ன?"

"இப்ப, இந்த நிமிசம். எங்க கிடக்கு?"

"கட்டில் லாச்சிக்குள்ள" என்றான், இழுப்பறையைச் சொல்லி.

"பூட்டோ?"

"பூட்டினா அவசரத்துக்கு எப்பிடி எடுக்கிறது?"

"குண்டு?"

"உள்ளுக்குத்தான்."

துவக்கு அண்ணை கண்ணை மூடித் திறந்தார். "பிள்ளையள்?"

"ரெண்டு பேர். நல்ல பிள்ளையள், தொடமாட்டினம்."

"தொடமாட்டினம் எண்டு ஆர் சொன்னது? அவையோ?"

பாலனுக்குச் சூடேறியது. "அண்ணை, அண்ணி சொன்னவ, நீங்களும் ஒரு துவக்குக்காரர். இப்பிடிக் கதைக்கலாமோ? நீங்கள் வெட்டி ஒட்டின அந்தத் துவக்குப் புத்தகம் நானும் எடுக்கிறனான். எங்கட ஸ்ரேற் அந்த வரிசையில நல்லா மேல நிக்குது, தெரியுமோ?"

"வினாத்தாளே குடுக்காத சோதினையில எல்லாரும்தான் மேல!"

"நக்கலடிக்காதேங்கோ. ஒருத்தன் கதவை உடைச்சுக்கொண்டு வந்தா பொலிஸ் வாறதுக்கிடையில எல்லாம் முடிஞ்சிடும். என்ர பிள்ளையளை நான்தான் காப்பாத்தவேணும். ஊரில எங்களிட்டை ஒண்டும் இருக்கேல்லை. அதாலதானே ஓடினனாங்கள்?"

என் கணவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். துவக்கு அண்ணை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னட்டை இருந்தது, தம்பி" என்றார். "நானும் ஓடினனான்."

பாலனுடைய குரல் சிறுத்து வந்தது. "இப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"போய்க் குண்டைக் கழட்டும். நான் லைனில நிக்கிறன்."

லாச்சி இழுபடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"கழட்டிப்போட்டன்."

"பூட்டு ஒண்டு வாங்கும். திறப்பை ஆரிட்டைக் குடுப்பீர்?"

"பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் நல்லவன்."

"பயந்த ஆளோ?"

"சீச்சீ! அவனிட்டை அலுமாரி நிறையத் துவக்கு."

"ஐயோ, அவன் வேண்டாம்!"

தொலைபேசியை வைத்தபின் நான் என் கணவரைப் பார்த்தேன். "லாச்சிக்குள்ள துவக்கு இருக்கிற வீட்டுக்கு என்ர பிள்ளையைக் கொண்டுபோக மாட்டன். நாங்கள் ஒரு இடமும் போகேல்லை." என் குரலில் அப்படி ஓர் உறுதியை அவர் முன்பு கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

துவக்கு அண்ணைக்கு முகமெல்லாம் வெளிச்சம். "நல்ல முடிவு தங்கச்சி. சட்டம் எண்டு பாத்தா நாங்கள் இருக்கிற இடம்தான் மேல."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "மேல எண்டா எங்கட பிளாசாவில எப்பிடி அண்ணை வெடி கேட்டது?"

அவர் தடுமாறினார். "வகுப்பில முதலாம் பிள்ளையும் ஒரு கேள்வி பிழைவிடும்தானே..."

"பிழைவிட்ட கேள்வி என்ர பிள்ளை!"

அவர் செருப்பை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். பிறகு எங்கள் கதவைத் தட்டவில்லை. நான் செருப்பைக் கொண்டுபோய் அவருடைய வாசலில் வைத்தேன், என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

அபிராமி வேலையை விடவும் மாட்டேன் என்றாள். "நான் ஏன் வேலையால நிக்கவேணும்? நான் என்ன பிழை செய்தனான்? சுட்டது அவங்கள். தே ஷுட் குவிற்." இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று தகப்பனும் நானும் ஆளையாள் பார்த்தோம். கண்ணாடி மாற்றியதும் அவள் போனாள். நான் வீட்டில் நின்று அரிசியைக் கல்லோடு சேர்த்து அவித்தேன்.

சில வாரங்கள் கழித்து ஒருநாள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, துவக்கு அங்கிளோட கதையுங்கோ. இற்ஸ் ஸோ எம்பரஸிங்."

"ஏன், என்ன செய்தவர்?"

"ஒவ்வொரு ஷிஃப்ற்றும் வாறார். ஒரு ரீ வாங்கிக்கொண்டு கதவடியில இருக்கிறார். நான் முடிச்சு வெளிக்கிட்டாப் பின்னால வாறார். கேட்டா வோக்கிங் எண்டுறார். ஆராவது பெடியன் உள்ளுக்கு வந்தா, 'தம்பி, சாப்பிட்டீரே? படிக்கிறீரே? அம்மா தேடமாட்டாவே?' எண்டு கேக்கிறார். மனேஜர் என்னட்டை, உன்ர கிராண்ட்பாவோ எண்டு கேக்கிறான்!"

அடுத்தநாள் அவள் வேலை நேரத்தில் நான் கோட்டைப் போட்டுக்கொண்டு பிளாசாவுக்குப் போனேன். அவர் இருந்தார். கதவுக்கு மிகக் கிட்டிய மேசை, கண்ணாடிக்கு நேரே. யாராவது கண்ணாடிக்குள்ளால் சுட்டால் முதலில் அவர்தான். தேத்தண்ணி ஆறிப் பாலாடை கட்டியிருந்தது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர் அவர்மேல் விழுந்தது, இருமினார். கழுத்துப் பொத்தான் போட்டிருந்தார்.

நான் எதிரே இருந்தேன். அவர் திடுக்கிட்டு, பள்ளிக்கூடம் கள்ளமடித்த பிள்ளைபோல முழித்தார்.

"சும்மா, ரீ குடிக்க வந்தனான் தங்கச்சி."

"ஏன் அண்ணை ஒளிக்கிறியள்?" என்றேன். பிறகு ஒரு பகிடி விட்டேன். "கட்டடத்திலேயே துவக்கு வைச்சிருக்கிற ஆள் நீங்கள். காவலுக்கு வாறவர் அதை ஒருநாளும் எடுத்துக்கொண்டு வரேல்லையே?"

அவர் பகிடியாக எடுக்கவில்லை. நல்ல கேள்விக்கு விடை எழுதும் மாணவன்போல யோசித்தார்.

"துவக்கு கையில இருந்தா நான் துவக்கையெல்லோ பாத்துக்கொண்டிருக்கவேணும்" என்றார். "பிள்ளையை ஆர் பாக்கிறது?"

கதவு திறந்தது. இரண்டு பெடியள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். துவக்கு அண்ணை நிமிர்ந்தார். "தம்பி, சாப்பிட்டீரே?" என்றார். பெடியள் ஒருவரையொருவர் பார்த்து, "இல்லை அங்கிள்" என்றார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு. கவுண்டருக்குப் பின்னால் அபிராமி எங்கள் இருவரையும் கண்டு தலையில் கை வைத்தாள்.

அவர் மறுபடி இருமினார். நான் எழுந்து அவருடைய கதிரையைப் பிடித்தேன்.

"அண்ணை, நீங்கள் உள்ளுக்குத் தள்ளி, ஹீற்றர் பக்கமா இருங்கோ. கதவடியில நான் இருக்கிறன்."